மேக்கா, விண்டோஸா? வேலூர் வெயிலில் ஒரு லேப்டாப் கணக்கு

குடியாத்தம் பக்கம் நடக்கும் ஒரு சாதாரணக் கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். முதல்நாள் சாயங்காலம் வரவேற்பு, மறுநாள் விடியலில் முகூர்த்தம். டிரெடிஷனல் வீடியோவுக்கு ஒரு கேமரா, கேண்டிட்டுக்கு ஒன்று, மேடைக்கு நேரெதிரே ஸ்டாண்டில் நிற்பது ஒன்று. ஒவ்வொன்றும் இரண்டு நாளிலும் சேர்த்து ஆறு மணி நேரம் ஓடியதாக வைத்துக்கொண்டால் மொத்தம் 18 மணி நேரப் பதிவு. 4கே-யில் வினாடிக்கு 100 மெகாபிட் என்ற அளவில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி ஆகும். 18 மணி நேரத்துக்கு 810 ஜிபி. இதை இரண்டு இடத்தில் காப்பி வைக்காத ஸ்டூடியோக்காரர் நிம்மதியாகத் தூங்க முடியாது. ஆக ஒரே கல்யாணத்துக்கு 1.6 டெராபைட்.

லேப்டாப் வாங்கக் கிளம்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. ‘மேக் நல்லதா, விண்டோஸ் நல்லதா’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். இரண்டுமே நல்லவைதான். கேட்க வேண்டியது வேறு: கோப்பு எந்தக் கேமராவிலிருந்து வருகிறது, எந்த மென்பொருளில் வேலை நடக்கிறது, கடைசியில் அது யார் கைக்குப் போகிறது? வேலூர், ஆற்காடு, ஆம்பூர், ஆரணி வட்டாரத்தில் இந்த மூன்று கேள்விக்கும் கிடைக்கும் பதில், சென்னை விளம்பர நிறுவனத்துக்கோ பெங்களூரு யூடியூபருக்கோ கிடைக்கும் பதிலாக இருக்காது. இணையத்தில் இருக்கும் லேப்டாப் விமர்சனங்கள் பெரும்பாலும் அந்தப் பதில்களுக்காகவே எழுதப்பட்டவை.

கடைசிக் கண்ணியிலிருந்து தொடங்குங்கள்

கல்யாண வீடியோ எடிட்டிங்கில் நம் பக்கம் பல வருடமாக வேரூன்றியிருப்பது எடியஸ். டிரெடிஷனல் வீடியோ எடிட்டர்களின் கைப்பழக்கம், சேர்த்து வைத்திருக்கும் டைட்டில்கள், தாலி கட்டும் இடத்தில் போடும் எஃபெக்டுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. எடியஸ் விண்டோஸில் மட்டும் ஓடும். மேக்கில் இல்லை. நீங்கள் எடுத்த வீடியோவை வெளி எடிட்டரிடம் கொடுப்பவராகவோ, வெளியிலிருந்து எடிட்டிங் வேலை வாங்கிச் செய்பவராகவோ இருந்தால் பேச்சு இங்கேயே முடிந்துவிடுகிறது: விண்டோஸ்.

பிரீமியர், டாவின்சி ரிசால்வ் இரண்டும் இரு தளத்திலும் ஓடும்; விண்டோஸில் செய்த ப்ராஜெக்ட் அதே மென்பொருள் உள்ள மேக்கிலும் திறக்கும். ஃபைனல் கட் ப்ரோ மேக்கில் மட்டும். அதன் லைப்ரரியை விண்டோஸ்காரரிடம் கொடுத்தால் அவரால் திறக்க முடியாது. எக்ஸ்எம்எல் என்ற பொது வடிவில் எடுத்துக் கொடுத்தாலும் டைட்டிலும் எஃபெக்டும் பாதி கழன்றுவிடும். முழு வேலையையும் தானே முடித்து பென்டிரைவில் கொடுத்துவிடுகிறவருக்கு மட்டும் ஃபைனல் கட் நல்ல தோழன். அவருக்கு அதன் வேகம் உண்மையிலேயே பெரிய வரம்.

பிளெக்ஸ், ஸ்டிக்கர், அழைப்பிதழ் கடைகளில் கோரல்டிரா ஆட்சிதான். கோரல்டிரா 2019-லிருந்து மேக்கிலும் மறுபடி கிடைக்கிறது என்றாலும் கடைகளில் இருப்பவை பழைய விண்டோஸ் பதிப்புகள். புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழையது திறக்காது. சேமிக்கும்போதே பழைய பதிப்பு எண்ணைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். பிளெக்ஸ் மெஷினை ஓட்டும் மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸுக்கானது. பல இடங்களில் டாங்கிள் என்ற யூஎஸ்பி சாவியைச் செருகினால்தான் அது வேலை செய்யும். மெஷின் வைத்திருப்பவர் மேக் பக்கம் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். சொல்லப்போனால் அவருக்கு லேப்டாப்பே வேண்டாம், டெஸ்க்டாப் போதும்.

இங்கே ஒரு புதிய பள்ளம் இருக்கிறது. 2024 நடுவிலிருந்து ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப் வைத்த விண்டோஸ் லேப்டாப்புகள் கடைக்கு வந்துவிட்டன. மெலிசு, சூடாகாது, பேட்டரி நாள் முழுக்க வரும் என்று விற்பார்கள். மூன்றும் உண்மை. ஆனால் அது வழக்கமான இன்டெல், ஏஎம்டி சிப் போன்றதல்ல, ஏஆர்எம் என்ற வேறு வகை. பழைய மென்பொருள்களை அது மொழிபெயர்த்து ஓட்டிவிடும். கருவிகளைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருள்களை அப்படி ஓட்ட முடியாது. டாங்கிளுக்கும் பிளாட்டருக்கும் பழைய பிரிண்டருக்கும் ஏஆர்எம்-க்கென்று தனியாக எழுதிய டிரைவர் இருந்தாக வேண்டும், பெரும்பாலும் இருக்காது. ‘விண்டோஸ்தானே’ என்று நம்பி வாங்கி, வீட்டுக்கு வந்து டாங்கிளைச் செருகிய பிறகு விழிப்பதில் பிரயோஜனமில்லை. ‘மேக்கில் விண்டோஸ் போட்டுக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னாலும் இதே கதைதான். எம்1 முதல் வந்த மேக்குகளில், விண்டோஸை நேரடியாகப் போட உதவிய பூட் கேம்ப் கிடையாது. பேரலல்ஸ் என்ற செயலி வழியாக ஓடுவதும் இதே ஏஆர்எம் விண்டோஸ்தான்.

சிக்குகிற வீடியோவும் அதன் காரணமும்

‘32 ஜிபி ராம் போட்டேன், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது, இருந்தும் டைம்லைன் திக்கித் திக்கி ஓடுகிறது’ என்ற புலம்பலை அடிக்கடி கேட்கலாம். ராம் மீது பழி போடுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி வேறு ஆள்.

கேமரா வீடியோவை எச்.264 அல்லது எச்.265 முறையில் சுருக்கி எழுதுகிறது. பார்க்கும்போது அதை வினாடிக்கு 25 அல்லது 50 முறை விரிக்க வேண்டும். இதற்கென்றே சிப்புக்குள் தனி உறுப்பு ஒன்று உண்டு. கோப்பு அந்த உறுப்புக்குத் தெரிந்த வகையாக இருந்தால் வெண்ணெயாக ஓடும். இல்லாவிட்டால் மொத்தச் சுமையும் பிராசஸர் தலையில் விழும். பழைய கேமராக்கள் எழுதிய 8 பிட் 4:2:0 வகையை எல்லாச் சிப்பும் அறியும். புதிய சோனி, கேனான் உடல்கள் எழுதும் 10 பிட் 4:2:2 எச்.265-தான் சிக்கல். நிற விவரம் இரு மடங்கு இருப்பதால் நிறம் திருத்தும் கிரேடிங்கில் தோல் நிறம் அழகாக வரும். பட்டுப்புடவை ஜரிகை உடையாது. ஆனால் அதை விரிக்கும் உறுப்பு எல்லாச் சிப்பிலும் இல்லை.

ஆப்பிளின் எம் வரிசைச் சிப்புகளில் இருக்கிறது. இன்டெல்லில் 11-ஆம் தலைமுறை லேப்டாப் சிப்புகள் முதல், அவற்றோடு ஒட்டி வரும் உள் கிராபிக்ஸில் இருக்கிறது. குவிக் சிங்க் என்பது அதன் பெயர். என்விடியா இதை 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் சேர்த்தது. 4050, 4060, 4070 எதிலும் கிடையாது. ஏஎம்டி-யின் ரைசன் சிப்புகளின் உள் கிராபிக்ஸிலும் கிடையாது. ஆக, ரைசன் சிப்பும் ஆர்டிஎக்ஸ் 40 வரிசைக் கார்டும் ஜோடி சேர்ந்த லேப்டாப்பில், கேம் பறக்கும். புதிய கேமராவின் 10 பிட் வீடியோ மட்டும் நொண்டும். தள்ளுபடி விலையில் அதிகம் கண்ணில் படும் ஜோடியும் அதுதான். கையில் இருப்பது 8 பிட் கேமரா என்றால் இதைப் பற்றிக் கவலையே இல்லை, தாராளமாக வாங்கலாம். அடுத்த வருடம் கேமரா மாற்றும் எண்ணம் இருந்தால் யோசிக்க வேண்டும்.

எடியஸ்காரர்களுக்கு இதில் இன்னொரு முடிச்சு. எடியஸ் நீண்டகாலமாகவே குவிக் சிங்க்கில் சாய்ந்து வேலை செய்கிற மென்பொருள்; அதற்கு இன்டெல்தான் இயல்பான ஜோடி. கேமிங் லேப்டாப்புகளில் உள் கிராபிக்ஸை ஒதுக்கிவிட்டு என்விடியா கார்டை மட்டும் ஓட்டும் வசதி ஒன்று உண்டு. கேம் ஆடும் தம்பி ஒருவர் அதை ஒருநாள் தட்டிவிட்டுப் போவார். பல மாடல்களில் அப்போது உள் கிராபிக்ஸ் முற்றாக அணைந்துவிடும், அதோடு குவிக் சிங்க்கும் போய்விடும். நேற்றுவரை ஓடிய டைம்லைன் இன்று நின்றுவிட்டால் விண்டோஸை அழித்து மறுபடி போடுவதற்கு முன் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர் பகுதியில் இன்டெல் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் லேப்டாப் கம்பெனியின் செயலிக்குள் போய் ஹைபிரிட் முறைக்கு மாற்றி, ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

எந்தச் சிப்பும் கைகொடுக்காத இடத்தில் ப்ராக்ஸி இருக்கவே இருக்கிறது. ராத்திரி படுக்கப் போகும்போது எல்லாக் கிளிப்பையும் 720பி அளவுக்கு மாற்றப் போட்டுவிட்டு, காலையில் அந்தச் சின்னக் கோப்புகளில் வெட்டி ஒட்டலாம். கடைசி ரெண்டரின்போது மென்பொருள் அசல் கோப்பை எடுத்துக்கொள்ளும். பழைய லேப்டாப்பையே இன்னும் ஒரு சீசன் ஓட்ட இது போதும்.

ரிசால்வ் இலவசப் பதிப்பை நம்பி லினக்ஸ் பக்கம் போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லினக்ஸில் அதன் இலவசப் பதிப்பு எச்.264, எச்.265 கோப்புகளைத் திறக்காது. அதாவது கல்யாணக் கேமரா எழுதும் ஏறக்குறைய எதையும் திறக்காது.

ஆல்பம் ஷீட்டும் ராமும்

ஆல்பம் டிசைனர்களின் கணக்கு வேறு. 12×36 ஷீட் ஒன்றை 300 டிபிஐ-யில் திறந்தால் 3600×10,800 புள்ளிகள், கிட்டத்தட்ட 3.9 கோடி. முழு அளவு லேயர் ஒன்றுக்கு 8 பிட்டில் 117 மெகாபைட் ராம் போகும். பின்னணி, மலர், மாஸ்க், நிழல் என்று 25 லேயர் சேர்ந்தால் 2.9 ஜிபி. அதன் மேல் போட்டோஷாப் இயல்பாக 50 படி ஹிஸ்டரியை நினைவில் வைத்திருக்கும். பக்கத்தில் இன்னும் இரண்டு ஷீட் திறந்திருந்தால் 16 ஜிபி மூச்சு வாங்கும். ‘ஸ்கிராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது’ என்ற அறிவிப்பு வருவது அப்போதுதான்: ராமில் இடமில்லாததை எஸ்எஸ்டி-யில் தள்ளுகிறது, அங்கேயும் இடமில்லை. ஹிஸ்டரியை 20-க்கு இறக்குங்கள். எஸ்எஸ்டி-யில் எப்போதும் 50 ஜிபி-யாவது காலியாக வையுங்கள். பிஎஸ்டி கோப்பின் உச்சவரம்பு 2 ஜிபி. அதைத் தாண்டினால் சேமிக்க மறுக்கும்; பிஎஸ்பி வடிவத்தில் சேமிக்க வேண்டும்.

விண்டோஸ் கேமிங் வகை லேப்டாப்புகளில் ராம் பலகையைக் கழற்றி மாட்டலாம், இரண்டாவது எஸ்எஸ்டி-க்கும் பெரும்பாலும் இடம் இருக்கும். 16 ஜிபி-யோடு வாங்கி, கையில் காசு வந்தபோது 32 ஆக்கலாம். ஒற்றை 16 ஜிபி பலகையோடு வருவதில் அதேபோல் இன்னொன்று சேர்த்தால் அளவு கூடுவதோடு, ராமுக்குப் போகும் பாதையும் இரட்டிப்பாகும். மேக்கில் இந்தப் பேச்சே இல்லை. ராம் சிப்போடு ஒட்டியே வருகிறது, வாங்கிய அன்று இருப்பதுதான் கடைசிவரை. எம்4 மேக்புக் ஏர் 2025 மார்ச்சில் அறிமுகமானபோது 16 ஜிபி ராம், 256 ஜிபி இடம் உள்ள 13 அங்குல மாடலின் விலை 99,900 ரூபாய். அடுத்த படியான 512 ஜிபி 1,19,900. அதற்கும் அடுத்த படியில் ராம் 24 ஜிபி ஆகும்போது 1,39,900. படிக்குப் படி இருபதாயிரம்.

இடத்துக்காக ஆப்பிளுக்கு அந்தக் காசைக் கொடுப்பதைவிட வெளியே ஒரு எஸ்எஸ்டி வாங்குவது புத்திசாலித்தனம். ராமுக்காகக் கொடுக்கலாம், அதை வெளியே வாங்க வழியில்லை. அந்த ராமையேதான் கிராபிக்ஸும் பங்கு போட்டுக்கொள்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆர்டிஎக்ஸ் 4050-இல் கார்டுக்கான நினைவகம் 6 ஜிபி-தான். ரிசால்வில் 4கே டைம்லைனில் நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டால் ‘ஜிபியு நினைவகம் நிரம்பியது’ என்று நின்றுவிடும். மேக்கில் கிராபிக்ஸ் 24 ஜிபி-க்குள் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வதால் அப்படி நிற்காது, மெதுவாக ஓடும். விண்டோஸில் 8 ஜிபி கார்டுக்குக் கீழே போகாதீர்கள்.

வெளி டிஸ்க்கில் ஒரு சின்னத் தொல்லை. வாடிக்கையாளர் கொண்டுவந்து தரும் 1 டிபி ஹார்ட்டிஸ்க் பெரும்பாலும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவில் இருக்கும். மேக் அதைப் படிக்கும், அதில் எழுதாது. எக்ஸ்ஃபேட்டாக மாற்றினால் இரண்டிலும் எழுதலாம். ஆனால் எக்ஸ்ஃபேட்டுக்கு எழுதும் வேலையைக் குறித்துவைத்துக்கொள்ளும் பாதுகாப்பு இல்லாததால், காப்பி நடக்கும்போது ஒயரைப் பிடுங்கினால் மொத்த டிஸ்க்கும் திறக்காமல் போக வாய்ப்புண்டு. வேகமும் முக்கியம். மேலே சொன்ன 810 ஜிபி, வினாடிக்கு 120 மெகாபைட் எழுதும் ஹார்ட்டிஸ்க்கில் ஏற இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். 900 மெகாபைட் எழுதும் எஸ்எஸ்டி-யில் கால் மணி நேரம். மண்டபத்தில் பந்தி முடிவதற்குள் கேமரா கார்டைக் காலி செய்ய வேண்டியவருக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

மயில்கழுத்து நிறம்

ஆரணிப் பட்டுக்கு கேட்டலாக் எடுப்பவர்களும் ஆம்பூர் ஷூ, தோல்பொருளுக்குப் படம் எடுப்பவர்களும் பிராசஸரை விட்டுவிட்டுத் திரையைப் பார்க்க வேண்டும். மயில்கழுத்துப் புடவையில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். மடிப்புக்கு மடிப்பு நீலமும் பச்சையும் மாறி மினுங்கும். அந்த அடர்ந்த நீலப்பச்சையின் ஒரு பகுதி எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிற எல்லைக்கே வெளியே கிடக்கிறது. மலிவான லேப்டாப் திரை அந்த எல்லையைக்கூட எட்டாது. பெட்டியில் ‘45% என்டிஎஸ்சி’ என்று போட்டிருந்தால் எஸ்ஆர்ஜிபி-யில் மூன்றில் இரண்டு பங்குதான் தெரியும் என்று பொருள். அதில் மயில்கழுத்தும் கிளிப்பச்சையும் அரக்கும் சாம்பல் பூசினாற்போல இருக்கும். பார்க்கிறவர் சாச்சுரேஷனைக் கூட்டுவார். வாட்ஸாப்பில் படம் வாங்கிய கடைக்காரர் ‘புடவை இப்படி இல்லையே சார்’ என்பார்.

‘72% என்டிஎஸ்சி’ அல்லது ‘100% எஸ்ஆர்ஜிபி’ என்று எழுதியிருக்க வேண்டும். விண்டோஸில் ஒரே மாடலிலேயே இரண்டு திரை விற்பார்கள். மாடல் எண்ணின் கடைசி எழுத்துகள்வரை சரிபார்த்து வாங்க வேண்டும். மேக்புக்குகளில் எந்த மாடலை எடுத்தாலும் எஸ்ஆர்ஜிபி முழுதும் தெரியும். ஏர், ப்ரோ இரண்டுமே அதைவிட அகன்ற பி3 எல்லை. இந்த ஒரு விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு மேக் வாங்கலாம்.

அகன்ற திரைக்கும் ஒரு பின்விளைவு உண்டு. பி3-யில் திருத்தியதை அப்படியே பிரிண்ட் போடும் லேபுக்கு அனுப்பினால், நிறக்குறிப்பைப் படிக்காத பிரிண்டர் அதை எஸ்ஆர்ஜிபி என்று நினைத்து வெளிறிய படமாக அடித்துத் தரும். போட்டோஷாப்பில் எடிட் மெனுவில் ‘கன்வர்ட் டு புரொஃபைல்’ கொடுத்து எஸ்ஆர்ஜிபி-க்கு மாற்றிய பிறகே ஜேபெக் எடுக்க வேண்டும். அதன் மேலேயே இருக்கும் ‘அசைன் புரொஃபைல்’ வேறு. அது பெயர்ச்சீட்டை மட்டும் மாற்றி நிறத்தைக் கெடுத்துவிடும். வீடியோவிலும் மேக்குக்கு ஒரு குணம் இருக்கிறது. ரெண்டர் செய்த கோப்பு குயிக்டைமில் சற்று வெளுத்துத் தெரியும். அதைப் பார்த்து மறுபடி இருட்டாக்கினால் வாடிக்கையாளர் வீட்டு டிவியில் மணப்பெண் முகம் கறுத்துப்போகும். கடைசிச் சோதனையை டிவியிலேயே செய்துவிடுங்கள்.

கொம்பு இடம் மாறும்போது

அழைப்பிதழிலும் ஆல்பத்தின் முதல் பக்கத்திலும் தமிழ் வந்தே தீரும். யூனிகோடில் ‘கெ’ என்ற எழுத்து, முதலில் க, அதன் பின் கொம்பு என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. அது தெரியாத மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ‘கோமதி’ கோமதியாக இருக்க மாட்டாள். போட்டோஷாப்பில் விருப்பங்களுக்குள் டைப் பகுதியிலும் இன்டிசைனில் பத்தி அமைப்பிலும் ‘வேர்ல்டு ரெடி’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். மேக்கானாலும் விண்டோஸானாலும் இதில் வித்தியாசம் இல்லை.

பழைய கோரல்டிராக்களில் யூனிகோடு ஒழுங்காக வராததால் கடைகள் பாமினி போன்ற எழுத்துருக்களிலேயே நிற்கின்றன. அவற்றில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல்தான் தெரியும். எழுத்துருவை மேக்கில் போடலாம், தடையில்லை. ஆனால் என்எச்எம் ரைட்டர் போன்ற தட்டச்சுச் செயலிகள் விண்டோஸுக்கானவை. மேக்கில் தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் உள்ளேயே இருக்கின்றன, அவை யூனிகோடுக்கு. கடைக்கு அனுப்பும்போது எந்தத் தளமானாலும் எழுத்தை வளைகோடாக மாற்றி அனுப்புங்கள். கோரல்டிராவில் கண்ட்ரோல் க்யூ. மாற்றாத பிரதி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், முகூர்த்த நேரத்தைத் திருத்தச் சொல்லிக் கட்டாயம் போன் வரும்.

வெயிலும் கரண்ட்டும்

வேலூரை வெயிலூர் என்று கேலி செய்வது சும்மா இல்லை. கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி அறையில் அதற்கும் மேல். மேக்புக்கை 10 முதல் 35 டிகிரி வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்லி ஆப்பிளே எழுதியிருக்கிறது. ஏசி இல்லாத ஸ்டூடியோ மே மாதத்தில் அந்த வரம்புக்கு வெளியேதான் இருக்கும்.

சிப் 100 டிகிரியைத் தொட்டதும் தன்னைத் தானே மெதுவாக்கிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25 டிகிரி அறையில் சிப்புக்கும் காற்றுக்கும் இடையே 75 டிகிரி வித்தியாசம். 40 டிகிரி அறையில் 60. அதே மின்விசிறி அதே வேகத்தில் சுற்றினாலும் வெளியேறும் சூடு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ரெண்டர் நேரம் கோடையில் நீள்வதற்கு இதுதான் காரணம், வைரஸ் இல்லை. தரை விரிப்பு நூல், சாலைப் புழுதி எல்லாம் விசிறியில் அடைத்தால் இன்னும் மோசம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து ஊதச் சொல்லுங்கள். பின்பக்கத்தை இரண்டு விரல் உயரத்துக்குத் தூக்கி வையுங்கள்.

மேக்புக் ஏரில் விசிறியே கிடையாது. சத்தமில்லை, தூசியும் போகாது. ஐந்து நிமிட ரீல்ஸ் ஏற்றுமதிக்குத் தாராளம். மூன்று மணி நேர டிரெடிஷனல் வீடியோவை ரெண்டர் போட்டால் கொஞ்ச நேரத்தில் சுருதி இறங்கிவிடும். கெட்டுப்போகாது, மெதுவாகும். நீண்ட ரெண்டர் அன்றாட வேலை என்றால் விசிறி உள்ள ப்ரோ எடுங்கள், இல்லாவிட்டால் விண்டோஸுக்குப் போய்விடுங்கள். விண்டோஸிலும் கார்டின் பெயரை மட்டும் நம்ப முடியாது. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் வரலாம். மெல்லிய உடலுக்குள் 60 வாட்டில் அடங்கியிருக்கும் 4060, நன்றாகக் காற்று வாங்கும் தடித்த உடலில் இருக்கும் 4050-இடம் தோற்கும் நேரம் உண்டு. வாட் எண் பெட்டியில் இருக்காது; கம்பெனியின் தளத்தில் மாடல் எண் போட்டுத் தேட வேண்டும்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மாலைவரை கரண்ட் நிறுத்தும் நாளில் இரு தளங்களும் இரண்டு விதமாக நடந்துகொள்கின்றன. மேக் பேட்டரியிலும் ஏறக்குறைய அதே வேகத்தில் ஓடும். கேமிங் லேப்டாப்பின் 230 வாட் அடாப்டர் கொடுக்கும் மின்சாரத்தைப் பேட்டரியால் கொடுக்க முடியாது. ஒயரைக் கழற்றிய நொடியே கார்டு பாதி பலத்துக்கு இறங்கிவிடும். இன்வர்ட்டரில் போட்டால் சரி, ஆனால் கணக்குப் பாருங்கள். 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் காகிதக் கணக்குக்கு 1800 வாட்-மணி. நடைமுறையில் ஆயிரம் தேறும். ரெண்டரில் 180 வாட் இழுக்கும் லேப்டாப், 30 வாட் மானிட்டர், 75 வாட் மின்விசிறி சேர்ந்து 285. மூன்றரை மணி நேரம். அதே இடத்தில் 40 வாட் மேக், மானிட்டர், விசிறி என்றால் ஏழு மணி நேரம். இன்வர்ட்டர் சைன்வேவ் வகையாக இருக்கட்டும்.

பழையது வாங்குவதாக இருந்தால்

சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ பழைய மேக் வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது சிப்பின் பெயர். இன்டெல் என்று இருந்தால் எவ்வளவு மலிவானாலும் விடுங்கள். 2025-இல் வந்த டஹோ, இன்டெல் மேக்குகளுக்கான கடைசி மேக்ஓஎஸ் என்று ஆப்பிள் சொல்லிவிட்டது. 2016 முதல் 2019 வரையிலான பலவற்றில் விசைப்பலகைக் கோளாறும் சேர்ந்து வரும். எம்1 என்றால், விற்பவர் முன்னாலேயே முழுவதும் அழித்து, வைஃபையில் இணைத்துப் புதிதாகத் தொடங்கச் சொல்லுங்கள். ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ என்று திரை வந்தால் அது ஏதோ நிறுவனத்தின் பிடியில் இருக்கும் மெஷின். யாருடையதோ ஆப்பிள் ஐடி கேட்டாலும் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள். பேட்டரி சுழற்சி எண்ணிக்கையையும் பாருங்கள். 1000 என்பது அதன் வடிவமைப்பு அளவு. விண்டோஸில் இன்டெல் 8-ஆம் தலைமுறைக்கு முந்தியது விண்டோஸ் 11-ஐ ஏற்காது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது.

காட்பாடிப் பக்கம் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடத்திட்டமே முடிவு செய்துவிடும். சாலிட்வொர்க்ஸ், 3டிஎஸ் மேக்ஸ், ரெவிட் என்ற வடிவமைப்பு மென்பொருள்கள் மூன்றும் விண்டோஸில் மட்டும். 3டி மென்பொருளான பிளெண்டர் இரண்டிலும் ஓடும், ரெண்டர் என்விடியா கார்டில் வேகம். பாட்டு, பக்தி ஆல்பம், டப்பிங் செய்பவர்களுக்கு மேக் தொல்லை குறைவு. ஆடியோ இன்டர்ஃபேஸைச் செருகினால் பெரும்பாலும் அப்படியே வேலை செய்யும், விண்டோஸில் ஏசியோ என்ற ஆடியோ டிரைவரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

கடைக்குப் போகும்போது உங்கள் கேமராவில் எடுத்த பத்து நிமிடக் கிளிப்பை எஸ்எஸ்டி-யில் எடுத்துப் போங்கள். டெமோ மெஷினில் எடிட்டிங் மென்பொருள் இருந்தால் கிளிப்பை டைம்லைனில் போட்டு முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். இருபது நிமிடம் ரெண்டர் ஓடவிட்டு, முதல் ஐந்து நிமிடத்தின் வேகத்தையும் கடைசி ஐந்து நிமிடத்தின் வேகத்தையும் ஒப்பிடுங்கள். பாதியில் ஒயரைக் கழற்றுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். சர்வீஸ் எங்கே என்று கேட்டு, வேலூரிலேயே என்றால் முகவரியை வாங்குங்கள். சென்னைக்கு அனுப்ப வேண்டும் என்றால் 140 கிலோமீட்டர் போய்வரும் நாட்களில் முகூர்த்த வேலையை எதில் செய்வீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ள ஸ்டூடியோவானால் பில்லில் உங்கள் எண்ணைப் போடச் சொல்லுங்கள். 99,900 ரூபாயில் வரி மட்டும் 15,239. பில் அடித்து முடித்த பிறகு கேட்டால் கடைக்காரர் திருத்தித் தரச் சிணுங்குவார்.